அம்மா பறிக்கறதுக்குள்ள ஒரு செம்பருத்தி: மாடித்தோட்டப் பூவை கிட்டப்போய் எடுத்து எடிட் பண்றதுக்கு முழு வழிகாட்டி

எங்க வீட்டு மொட்டை மாடில ஒம்போது தொட்டி இருக்கு, அதுல மூணு செம்பருத்தி. ஆறே முக்காலுக்கு அம்மா பூக்கூடையோட மேல வந்துடுவாங்க, வந்தா அவ்ளோதான், பூத்தது எல்லாம் சாமி ரூமுக்கு போயிடும். மே மாசக் கடைசில சென்னைல 5:40 வாக்குல சூரியன் வந்துடும், அப்ப எனக்கு ஒரு மணி நேரம் கெடைக்கும், ஜனவரி கடைசில 6:35க்குதான் வரும், அப்ப பத்து நிமிஷம்தான், அந்த மாசம் மட்டும் "ஒரே ஒரு பூ விட்டு வைம்மா"ன்னு கெஞ்சறது வழக்கம். இந்த கொஞ்ச நேரத்துல ரெண்டு வருஷமா நான் பண்ண தப்பு, அதை திருத்தினது எல்லாம்தான் கீழ எழுதியிருக்கேன். மேக்ரோ லென்ஸ் (ரொம்ப கிட்டப்போய் பெருசா எடுக்கற லென்ஸ்) வாங்க காசு சேத்துட்டு அப்பறம் படிப்போம்னு தள்ளிப்போடாதீங்க, பாதிக்கு மேல போன்லயே ஆகும்.

முதல் ஆறு மாசம் நான் எடுத்த செம்பருத்தி எல்லாம் செவப்பு பெயின்ட்டை கொட்டி வெச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதழ்ல ஓடுற நரம்பு இல்ல, ஓரத்துல இருக்குற சுருக்கம் இல்ல, மொத்தமா ஒரு செவப்பு அப்பு. எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு இருந்தேன், நைட்டு பூரா ஸ்லைடரை இழுத்தும் ஒண்ணும் வரல, ஏன்னா கேமரா பதிவு பண்ணாத நரம்பை ஸ்லைடர் எங்கேருந்து கொண்டு வரும். அதனால எடிட்டிங்குக்குன்னு வந்தவங்க கூட நேரா அங்க தாவாம, முன்னாடி இருக்கறதை ஒரு தடவை படிச்சிட்டு போங்க.

எந்தப் பூ எப்ப

பூவுக்கு டைம்டேபிள் இருக்கு, நம்ம லீவு நாளைப் பாத்து அது பூக்காது. செம்பருத்தி விடிகாலைல விரியும், பெரும்பாலும் சாயங்காலம் சுருண்டுடும், ஆறு மணிக்கு முறுக்கு பாதி பிரிஞ்ச நிலைல இருந்தா அதையும் எடுங்க, முழுசா விரிஞ்சதை விட எனக்கு அதுதான் புடிக்கும். பவழமல்லி ராத்திரி பூத்து விடியும்போது கொட்டிடும், அதனால மரத்துல பாக்காதீங்க, தரைலதான் பாக்கணும், அந்த ஆரஞ்சு காம்பு மேல பாத்த மாதிரி கவுந்து கெடக்கும் பாருங்க, அதுவே ஒரு படம். டேபிள் ரோஸுக்கு வெயில் வேணும், ஒம்போது பத்து மணிக்குதான் கண்ணு தொறக்கும். அந்திமந்தாரை சாயங்காலம் நாலு மணிக்கு மேல, மல்லி மொட்டு இருட்டுற நேரத்துல. நந்தியாவட்டை, சங்குப்பூ, இட்லிப்பூ மூணும் பாவம், நல்ல பசங்க, காலைல எப்ப போனாலும் நிக்கும்.

வெளிச்சத்துக்கு காலைல ஏழரை வரைக்கும்தான் கணக்கு. அதுக்கு மேல சென்னை வெயில் இதழ் மேல வெள்ளை வெள்ளையா திட்டு போடும். வேற வழியே இல்லன்னா ஒரு பழைய வெள்ளை வேட்டியை ரெண்டு மடிப்பா பூவுக்கு மேல யாரையாவது பிடிச்சுக்க சொல்லுங்க, கடுமையான நிழல் எல்லாம் கரைஞ்சு போயிடும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டா இருந்தா ஒரு தெர்மாகோல் துண்டை அந்தப் பக்கம் நிறுத்துங்க. ஆயிரக்கணக்குல ரிஃப்ளெக்டர் எல்லாம் வேண்டாம், டிவி வந்த பெட்டிக்குள்ள இருந்த தெர்மாகோலே போதும்.

மழை மேகம் மூடின ஐப்பசி கார்த்திகை நாள்தான் பூ எடுக்க ராஜா. வானமே பெரிய வேட்டி மாதிரி ஆயிடும். மழை விட்ட அரை மணி நேரத்துக்குள்ள மேல ஓடிடுங்க.

வீட்ல செடி இல்லாதவங்க கதீட்ரல் ரோட்ல செம்மொழிப் பூங்காவுக்கு போலாம், முன்னாடி ட்ரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடம், 2010ல பூங்காவா தொறந்தாங்க, சமீப வருஷங்கள்ல மலர் கண்காட்சியும் போடுறாங்க. போன்னா பிரச்சனை இல்ல, பெரிய கேமரா கொண்டு போறதா இருந்தா கேட்லயே கேட்டுக்கோங்க. ஈசிஆர் பக்கம் வரிசையா நர்சரிங்க இருக்கு, ஒரு செடி வாங்கிட்டு "அண்ணா ரெண்டு போட்டோ எடுத்துக்கறேன்"னா பெரும்பாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

எதுல எடுக்கறது

போன்ல ரெண்டு ஜாதி இருக்கு. விலை கம்மியான பல மாடல்ல "மேக்ரோ"ன்னு தனியா ஒரு 2 மெகாபிக்சல் கேமரா ஒட்டியிருப்பாங்க, அது கணக்குக்கு ஒரு கண்ணு, அவ்ளோதான், அதை மறந்துடுங்க. அதுக்கு பதிலா மெயின் கேமராவை ஃபோகஸ் ஆகுற கடைசி தூரம் வரைக்கும் கொண்டு போய், 2 எக்ஸ் ஜூம் வெச்சு எடுத்தா பத்து மடங்கு நல்லா இருக்கும். இன்னொரு ஜாதி, அல்ட்ராவைட் (ரொம்ப அகலமா காட்டற) லென்ஸ்ல ஆட்டோஃபோகஸ் இருக்கற போன். 2021ல வந்த ஐபோன் 13 ப்ரோல இருந்து 2 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகும். இதுல சிக்கல் என்னன்னா அவ்ளோ கிட்ட போனா போனோட நிழலே பூ மேல விழும், பக்கவாட்டுல வெளிச்சம் வர்ற மாதிரி நின்னுக்கணும்.

கிளிப் லென்ஸ்னு சில நூறு ரூபாய்க்கு கெடைக்கும். நான் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி, நடுவுல ஷார்ப்பா ஓரம் எல்லாம் கொழகொழன்னு வந்துச்சு, திருப்பி அனுப்பினா எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. ஆனா நடு பாகத்தை மட்டும் கிராப் பண்ணிக்கலாம்னு பழகின அப்பறம் அதுலயே நாலஞ்சு நல்ல படம் கெடைச்சுது, அதனால ரொம்ப திட்டவும் மனசு வரல.

டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ்னு லென்ஸ் கழட்டி மாட்டுற கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு மலிவான வழி மூணு. ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் ட்யூப், லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல போடுற காலி வளையம், உள்ள கண்ணாடியே கெடையாது. 50 எம்எம் லென்ஸ்ல 36 எம்எம் ட்யூப் போட்டா 36ஐ 50ஆல வகுத்தா 0.72, அவ்ளோ மடங்கு பெருக்கம் கூடுதலா கெடைக்கும். வாங்கும்போது ஆட்டோஃபோகஸ் கான்டாக்ட் இருக்கறதா பாத்து வாங்குங்க, இல்லன்னா பல லென்ஸ்ல அபெர்ச்சரே (வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டையோட அளவு) மாத்த முடியாது. ரெண்டு, குளோஸ்-அப் ஃபில்டர், லென்ஸ் முன்னாடி திருகுற பூதக்கண்ணாடி, ப்ளஸ் 4 பவர் போட்டு லென்ஸை இன்ஃபினிட்டில வெச்சா 25 சென்டிமீட்டர்ல ஃபோகஸ் ஆகும், ப்ளஸ் 10 போட்டா 10 சென்டிமீட்டர். கிட் லென்ஸோட 55-200 மாதிரி ஒரு ஜூம் சும்மா கெடந்தா அதுக்கு இது நல்ல ஜோடி. மூணாவது ரிவர்ஸ் ரிங், லென்ஸை தலைகீழா மாட்டறது, படம் நல்லா வரும் ஆனா லென்ஸோட பின்பக்கம் வெளிய தெரியும், நம்ம ஊரு தூசிக்கு எனக்கு பயமா இருக்கு.

நிஜ மேக்ரோ லென்ஸ்னா 90, 100 எம்எம் வாங்குங்க, 50, 60 எம்எம் வேண்டாம், ஏன்னா பூவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல கொஞ்சமாவது இடம் இருந்தாதான் வெளிச்சம் உள்ள வரும், பூச்சி ஓடாம இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாடகைக்கு எடுத்து பாருங்க, வடபழனி சாலிகிராமம் பக்கம் சினிமா சாமான் வாடகைக்கு விடுற கடைங்க இருக்கு. இன்னொண்ணு, 1:1 மேக்ரோன்னா, அதாவது பூவோட நிஜ அளவே சென்சார்ல விழுந்தா, ஏபிஎஸ்-சி (கொஞ்சம் சின்ன சென்சார்) கேமராவுல ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம் அகலம் ஃப்ரேமை ரொப்பிடும், அதாவது ஒத்தை இட்லிப்பூ. செம்பருத்தியே உள்ளங்கை அளவு இருக்கு, முழுப்பூ எடுக்க மேக்ரோ லென்ஸே தேவையில்ல.

துடைக்கறது, பின்னாடி பாக்கறது

இதுதான் யாரும் சொல்லித்தராத ஸ்டெப், எனக்கு அதிகம் பலன் குடுத்ததும் இதுதான்.

கண்ணுக்கு சுத்தமா தெரியற பூ, கிட்டப்போனா குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும். மகரந்தத் தூள் இதழ் மேல சிந்தியிருக்கும், சிலந்தி நூல் ஒண்ணு குறுக்க ஓடும், செம்பருத்தின்னா மாவுப்பூச்சி கண்டிப்பா மொட்டுக் காம்புல வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கும், கூடவே அதை மேய்க்கற எறும்பு கூட்டம். கொழந்தைங்க வாட்டர்கலருக்கு வாங்கற மெல்லிசு ப்ரஷ் ஒண்ணை பாக்கெட்ல வெச்சுக்கோங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் தட்டிவிட்டா, அப்பறம் எடிட்டிங்ல தூசி அழிக்கற ஹீலிங் டூல்ல இருபது நிமிஷம் மிச்சம். பூ மேல எறும்பு இருந்தா மட்டும் விட்டுடுங்க, அது வந்தா படத்துக்கு உயிர் வரும்.

அப்பறம் பின்னணி. நம்ம மொட்டை மாடில என்னென்ன இருக்கும்னு சொல்லவா, துணி கொடி, டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டு மஞ்ச சுவரு, நீல கலர் டிரம்மு. இதெல்லாம் மங்கலா ஆனாலும் கலர் கலரா திட்டு திட்டா பின்னாடி நிக்கும். பூவை விட்டுட்டு ஃப்ரேமோட நாலு மூலையை மட்டும் ஒரு தடவை பாருங்க, அப்பறம் ரெண்டு அடி இடதோ வலதோ நகருங்க. கிட்டப்போய் எடுக்கும்போது அரை அடி நகர்ந்தாலே பின்னணி முழுசா மாறிடும்.

எங்க மாடில எனக்கு கெடைச்ச புதையல், கருப்பு தண்ணி டேங்க். அதோட நிழல் பக்கம் காலைல நல்லா இருட்டா இருக்கும், தொட்டியை அதுக்கு மூணு அடி முன்னாடி நகர்த்தி, பூ மேல மட்டும் வெளிச்சம் விழற மாதிரி வெச்சா, ஸ்டுடியோல கருப்பு துணி கட்டி எடுத்த மாதிரி வரும். ஒருத்தர் என்ன செட்டப்புன்னு கேட்டாரு, டேங்க்னு சொன்னா நம்பவே இல்ல. டேங்க் இல்லாதவங்க ஸ்டேஷனரி கடைல கருப்பு சார்ட் பேப்பர் வாங்கிக்கோங்க, ஆனா பூவுக்கு ரொம்ப ஒட்டி வெக்காதீங்க, பேப்பரோட சொரசொரப்பு தெரிஞ்சுடும்.

காத்து

கடல் காத்து ஆரம்பிச்சுட்டா மூட்டை கட்டிட வேண்டியதுதான். வெயில் காலத்துல பெரும்பாலும் மதியத்தை ஒட்டி வரும், விடிகாலைல காத்து அசையாம புழுங்கும், நமக்கு வேர்க்கும், பூவுக்கு நல்லது. லேசா ஆடுதுன்னா ஒரு மூங்கில் குச்சியை தொட்டில குத்தி, துணி காயப்போடுற கிளிப்பை நூலால அதுல கட்டி, பூவோட காம்பை (பூவை இல்ல) அந்த கிளிப்ல லேசா கவ்வ விடுங்க. கிளிப் வாய்ல கொஞ்சம் பஞ்சு வெச்சா காம்பு நசுங்காது.

கேமராவை கைல பிடிச்சு எடுக்கறதா இருந்தா ஷட்டர் வேகம் 1/250 செகண்டுக்கு கீழ போகாதீங்க, காத்து இருந்தா 1/500. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா எவ்ளோ தூக்கிக் காட்டுதுங்கற அளவு) 800, 1600 ஆனாலும் பரவால்ல, நாய்ஸை (படத்துல வர்ற புள்ளி புள்ளி சொரசொரப்பு) குறைக்கலாம், ஆடின படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. ட்ரைபாட் இல்லன்னா ஒரு கிலோ அரிசி பையை தொட்டி விளிம்புல வெச்சு அது மேல போனையோ கேமராவையோ அமுக்கி வைங்க, கல்லு மாதிரி நிக்கும். எடுத்து முடிச்சதும் அரிசியை கொண்டு போய் அதே இடத்துல வெச்சுடுங்க, அது வேற பஞ்சாயத்து.

ஃபோகஸ், ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம்

1:1 அளவுல, ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுல எஃப் 8 (அபெர்ச்சர் நம்பர், அது ஏற ஏற ஓட்டை சின்னதாகும்) வெச்சா ஷார்ப்பா இருக்கற ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அவ்ளோதான், நகத்தோட தடிமன் சொச்சம். செம்பருத்தி நடுவுல ஒரு தண்டு நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அதோட நுனில அஞ்சு குட்டி செவப்பு உருண்டை வெல்வெட் மாதிரி, அதுக்கு கீழ மஞ்ச தலை வெச்ச சின்ன சின்ன குச்சிங்க. அந்த நுனிக்கும் இதழுக்கும் நடுவுல பல சென்டிமீட்டர் தூரம். நேரா முன்னாடி நின்னு எடுத்தா ரெண்டும் ஒரே நேரத்துல ஷார்ப்பா வராது, எஃப் 22 வெச்சாலும் வராது, அதோட அவ்ளோ சின்ன ஓட்டைல வெளிச்சம் சிதறி மொத்த படமும் சொதசொதன்னு ஆயிடும். எஃப் 8ல இருந்து எஃப் 13க்குள்ள இருந்துக்கோங்க, எஃப் 16 தாண்ட வேண்டாம்.

அப்ப என்னதான் பண்றது? ஒண்ணை தேர்ந்தெடுக்கணும். ஒண்ணு அந்த அஞ்சு உருண்டை, மத்ததெல்லாம் செவப்பு பனி மாதிரி கரையட்டும். இல்ல, பக்கவாட்டுல போய் நின்னு, தண்டு முழுசும் கேமரா சென்சாருக்கு இணையா வர்ற மாதிரி வெச்சுக்கோங்க, அப்ப நுனில இருந்து அடி வரைக்கும் ஒரே தளத்துல விழும், ஒரே ஷாட்ல எல்லா மஞ்ச குச்சியும் ஷார்ப். இந்த "இணையா நிக்கறது" ஒண்ணை கத்துக்கிட்டாலே பாதி மேக்ரோ வந்துடும்.

கேமரால மேனுவல் ஃபோகஸ் போட்டு, வேண்டிய அளவுக்கு ரிங்கை செட் பண்ணிட்டு அப்பறம் ரிங்கையே தொடாதீங்க, உடம்பை மட்டும் மெதுவா முன்ன பின்ன சாய்ச்சு, உருண்டை மேல பளிச்சுன்னு வர்ற நொடில பர்ஸ்ட்ல (தொடர்ந்து எடுத்துக்கிட்டே போற மோட்) அஞ்சாறு தட்டுங்க. ஆறுல ஒண்ணு தேறும். ஒண்ணு தேறினா போதும், மிச்சத்தை அன்னிக்கே டெலீட் பண்ணிடுங்க, இல்லன்னா என்னை மாதிரி ஒரே பூவோட ஏகப்பட்ட படத்தை வெச்சுக்கிட்டு முழிப்பீங்க.

போன்ல பூ மேல விரலை அழுத்தி பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும். லாக் பண்ணிட்டு அதே மாதிரி உடம்பை சாய்க்கறதுதான். போன் சென்சார் சின்னது, அதனால ஆழம் தானாவே அதிகம் கெடைக்கும், இந்த ஒரு விஷயத்துல போன்தான் ஜெயிக்கும். போர்ட்ரெய்ட் மோட் மட்டும் பூவுக்கு போடாதீங்க, மஞ்ச குச்சிங்களை எல்லாம் பின்னணின்னு நெனச்சு அழிச்சுடும்.

செவப்பு, வெள்ளை, நீலம்

இப்ப அந்த செவப்பு அப்பு விஷயத்துக்கு வரேன். கேமரா செவப்பு, பச்சை, நீலம்னு மூணு கலரா பிரிச்சு பதிவு பண்ணுது. செம்பருத்தில பச்சையும் நீலமும் ரொம்ப கம்மி, செவப்பு மட்டும் எக்கச்சக்கம். கேமரா மூணையும் சேத்து சராசரியா பாத்து "வெளிச்சம் சரியா இருக்கு"ன்னு முடிவு பண்ணுது, ஆனா செவப்பு மட்டும் எப்பவோ உச்சில போய் முட்டிக்கிட்டு நிக்குது. முட்டின இடத்துல எல்லா பிக்சலும் ஒரே செவப்பு, நரம்பு எங்க தெரியும்.

அதனால கேமரா ஸ்க்ரீன்ல வெள்ளை ஹிஸ்டோகிராமை (இருட்டு இடது, வெளிச்சம் வலதுன்னு காட்டுற வரைபடம்) நம்பாதீங்க, மூணு கலரும் தனித்தனியா காட்டுற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணுங்க. செவப்பு வலது சுவத்துல மோதினா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தோட வெளிச்சத்தை கூட்டி குறைக்கற செட்டிங்) மைனஸ் 0.7, மைனஸ் 1னு இறக்குங்க, மோதாத வரைக்கும். ஸ்க்ரீன்ல படம் இருட்டா தெரியும், தெரியட்டும். பிக்சர் ஸ்டைல் விவிட்ல இருந்தா நியூட்ரலுக்கு மாத்துங்க. முடிஞ்சா ரா ஃபைல்ல (கேமரா பதிவு பண்ணதை சுருக்காம வெக்கறது) எடுங்க. போன்ல பூவை தொட்டதும் பக்கத்துல ஒரு சூரியன் ஐகான் வரும், அதை கீழ இழுங்க, இதழ்ல மடிப்பு தெரிய ஆரம்பிக்கற வரைக்கும். நான் இதை முதல் தடவை பண்ண அன்னிக்கு, இதழோட அடில இருந்து ஓரம் வரைக்கும் விசிறி மாதிரி பிரியற கோடு எல்லாம் தெரிஞ்சப்ப, இத்தனை நாளா தினம் பாத்த பூவான்னு ஆயிடுச்சு.

வெள்ளைப் பூவுக்கு ரெண்டு கேஸ். நந்தியாவட்டை ஃப்ரேம் முழுக்க நெறஞ்சிருந்தா கேமரா அதை சாம்பல் ஆக்கிடும், ப்ளஸ் 0.7 ஏத்தணும். அதே மல்லி சின்னதா, பின்னாடி கரும்பச்சை இலை நெறைய இருந்தா கேமரா இலையைப் பாத்து ஏத்திடும், பூ வெளுத்துடும், அப்ப மைனஸ்ல இறக்கணும். வெள்ளை இதழ்ல சுத்தி இருக்கற இலையோட பச்சையும் பிரதிபலிக்கும், அதுக்கு ஒரு ஏ4 பேப்பரை அதே வெளிச்சத்துல பூ பக்கத்துல வெச்சு ஒரு ஷாட் எடுத்துக்கோங்க, எடிட்ல ஒயிட் பேலன்ஸ் டிராப்பரை (எது வெள்ளைன்னு காட்டிக் குடுக்கற டூல்) அந்த பேப்பர்ல வெச்சா போதும்.

சங்குப்பூ தனி ரகளை. நேர்ல நல்ல நீலம், படத்துல கத்திரிப்பூ கலர். கேமரால இதை முழுசா சரி பண்ண முடியாது, கீழ எடிட்டிங்ல சொல்றேன்.

தண்ணித் துளி

மழை இல்லாத நாள்ல ஸ்ப்ரே பாட்டில். வெறும் தண்ணி சீக்கிரம் வழிஞ்சுடும், மெடிக்கல் ஷாப்ல கெடைக்கற கிளிசரின் கொஞ்சம் கலந்தா துளி உருண்டையா ரொம்ப நேரம் நிக்கும். துளிக்குள்ள பின்னாடி இருக்கற இன்னொரு பூ தலைகீழா குட்டியா தெரியும், அதுதான் இதுல வேடிக்கை. புல்லு நுனில ஒரு துளி, அதுக்கு கொஞ்சம் பின்னாடி ஒரு சாமந்தி, ஃபோகஸ் துளிக்குள்ள தெரியற சாமந்தி மேல. கிளிசரின் போட்ட பூவை சாமிக்கு குடுக்காதீங்க, நான் குடுத்து திட்டு வாங்கினேன்.

எடிட்டிங்

போன்ல ஸ்னாப்சீட் போதும், இலவசம். கம்ப்யூட்டர்னா லைட்ரூம் காசு, டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் இலவசம். எதுவா இருந்தாலும் வரிசை முக்கியம்.

முதல்ல கிராப். பூவை நட்ட நடுவுல வெச்சு தாலி கட்டாதீங்க, கொஞ்சம் தள்ளி வைங்க, தண்டு எந்தப் பக்கம் நீட்டுதோ அந்தப் பக்கம் இடம் விடுங்க. ஆனா ரொம்ப கிராப் பண்ணா நாய்ஸ் வெளிய வரும்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அப்பறம் வெளிச்சம். நாமதான் இருட்டா எடுத்தோமே, இப்ப எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சம்) ஏத்தாம ஷேடோஸை (இருட்டான இடம்) மட்டும் ஏத்துங்க, ஹைலைட்ஸை (பளிச்சுன்னு இருக்கற இடம்) மைனஸ் 30, 40 இறக்குங்க. எக்ஸ்போஷரை ஏத்தினா காலைல காப்பாத்தின செவப்பு திரும்ப போய் முட்டிக்கும். லைட்ரூம்ல ப்ரொஃபைலை அடோபி கலர்ல இருந்து அடோபி நியூட்ரலுக்கு மாத்தினா செவப்பு உடனே மூச்சு விடும், எல்லாத்துக்கும் முன்னாடி இதை பண்ணி பாருங்க.

அப்பறம் கலர். இங்கதான் எல்லாரும் சேச்சுரேஷனை (கலரோட அழுத்தம்) இழுத்து கெடுக்கறது. செவப்பு பூவுக்கு சேச்சுரேஷனை ஏத்தக்கூடாது, இறக்கணும். கலர் மிக்சர்ல செவப்பை மட்டும் எடுத்து சேச்சுரேஷன் மைனஸ் 10, 15, லூமினன்ஸ் (அந்த கலரோட வெளிச்சம்) மைனஸ் 5, 10. நம்ப முடியாது, ஆனா கலர் கம்மி ஆனதும் நரம்பு தெரியும், நரம்பு தெரிஞ்சதும் பூ இன்னும் செவப்பா இருக்கற மாதிரி கண்ணுக்கு படும். இலைப் பச்சை கண்ணை குத்தினா பச்சை, மஞ்ச ரெண்டுலயும் சேச்சுரேஷனை 20 இறக்குங்க, ஏன்னா இலைல பாதிக்கு மேல மஞ்சள்தான் உக்காந்திருக்கும். சங்குப்பூவுக்கு பர்ப்பிள் ஹியூவை (கலரோட சாயல்) இடது பக்கம் நீலத்தை நோக்கி தள்ளுங்க, பத்தலன்னா நீல ஹியூவையும் கொஞ்சம் இடது பக்கம். பூவை ஒண்ணு பறிச்சு கீபோர்டு பக்கத்துல வெச்சுக்கிட்டு பாத்து பாத்து தள்ளுங்க, ஞாபகத்தை நம்பினா நடக்காது.

ஒரு டெஸ்ட் சொல்றேன். செவப்பு படத்துல டீடெயில் இருக்கா போயிடுச்சான்னு சந்தேகம் வந்தா, ஸ்னாப்சீட்ல பிளாக் அண்ட் ஒயிட் போய் கலர் ஃபில்டர்ல பச்சையை செலக்ட் பண்ணி பாருங்க. செவப்பு இதழோட நெளிவு சுளிவு எல்லாம் பச்சை சேனல்லதான் பெரும்பாலும் ஒளிஞ்சிருக்கும். அங்க நரம்பு தெரிஞ்சா படம் பொழைக்கும், மேல சொன்ன மாதிரி போராடலாம். அங்கயும் தட்டையா இருந்தா நாளைக்கு திரும்ப எடுங்க. சில சமயம் அந்த கருப்பு வெள்ளை படமே கலரை விட நல்லா இருக்கும், அப்படியே வெச்சுக்கோங்க.

அடுத்து லோக்கல் வேலை. ஸ்னாப்சீட்ல செலக்டிவ் எடுத்து, உருண்டை மேல ஒரு புள்ளி வெச்சு, ரெண்டு விரலால வட்டத்தை சின்னதாக்கி ப்ரைட்னஸ் ப்ளஸ் 15, பின்னணில வெள்ளையா கண்ணை இழுக்கற இடத்துல இன்னொரு புள்ளி வெச்சு மைனஸ் 40. மொத்த படத்துக்கும் விக்னெட் (ஓரத்தை இருட்டாக்கறது) போடறதை விட இது இயல்பா இருக்கும். ப்ரஷ்ல தப்பிச்ச தூசிக்கு ஹீலிங், நல்லா ஜூம் பண்ணிக்கிட்டு, ஒவ்வொரு தட்டா. இதழ் ஓரத்துல ஹீலிங் போட்டா ஓரமே கோணிக்கும், அங்க தூசி இருந்தா விட்டுடலாம்.

கிளாரிட்டி, ஸ்ட்ரக்சர் (மேடு பள்ளத்தை தூக்கிக் காட்டற ஸ்லைடருங்க) ரெண்டையும் மொத்தப் படத்துக்கு ஏத்தாதீங்க. இதழ் தோல் மாதிரி, ஏத்தினா சொறி புடிச்ச மாதிரி ஆயிடும். நடு தண்டுக்கு மட்டும் டெக்ஸ்சர் ப்ளஸ் 20, மங்கலா இருக்கற இதழுக்கு கிளாரிட்டி மைனஸ் 10. நாய்ஸ் குறைச்சிட்டு கடைசியா ஷார்ப்பனிங், லைட்ரூம் கம்ப்யூட்டர் வெர்ஷன்ல ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டு மாஸ்கிங்கை இழுத்தா படம் கருப்பு வெள்ளையா மாறும், வெள்ளையா தெரியற இடத்துக்கு மட்டும்தான் ஷார்ப்னஸ் போகும். பின்னணி முழுக்க கருப்பாகுற வரைக்கும் இழுங்க, பொதுவா 70, 80ல நிக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் உடனே போஸ்ட் பண்ணாதீங்க. ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாருங்க, பாதி ஸ்லைடரை பின்னாடி இழுக்கத் தோணும்.

ஸ்டாக்கிங், வேணும்ங்கறவங்களுக்கு

நுனியும் வேணும் இதழும் வேணும்னா ஒரே வழி, ஃபோகஸை கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பத்து இருபது படம் எடுத்து ஒண்ணா சேக்கறது. இப்ப வர்ற பல மிரர்லெஸ்ல ஃபோகஸ் பிராக்கெட்டிங் (ஃபோகஸை தானே நகர்த்தி வரிசையா எடுக்கறது) உள்ளயே இருக்கு. சேக்கறதுக்கு ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர்னு தனி சாஃப்ட்வேர் இருக்கு, ஃபோட்டோஷாப்லயும் ஆகும், எல்லா படத்தையும் லேயரா போட்டு ஆட்டோ அலைன், அப்பறம் ஆட்டோ பிளெண்ட்ல ஸ்டாக் இமேஜஸ். மாடில இது பத்துல ஒரு தடவைதான் தேறும், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பூ ஒரு நூல் அசைஞ்சாலும் ஓரம் எல்லாம் ரெட்டையா தெரியும். நான் பண்றது, ஒரு பூவை பறிச்சு, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, ஜன்னல் ஓரமா தண்ணி ஊத்தின டம்ளர்ல வெச்சு எடுக்கறது. செம்பருத்தியை பறிச்சாலும் அன்னிக்கு பூரா விரிஞ்சுதான் இருக்கும்.

கடைசியா சில்லறை விஷயங்கள்

ஏசி ரூம்ல இருந்து கேமராவை நேரா மாடிக்கு கொண்டு போனா லென்ஸ் பனி மூடிக்கும், துடைக்க துடைக்க திரும்ப மூடும். அரை மணி நேரம் முன்னாடியே பையோட ஹால்ல வெச்சுடுங்க. மழைக்காலத்துல லென்ஸை துணி பீரோல வெக்காதீங்க, என் 50 எம்எம்ல சிலந்திவலை மாதிரி பூஞ்சை வந்தது அப்படித்தான், இப்ப காத்து போகாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு மூடி வெக்கறேன்.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி (நெட்டுக்கு பொதுவா வெக்கற கலர் செட்டிங்), இன்ஸ்டாவுக்கு 1080க்கு 1350 அளவு. எஸ்ஆர்ஜிபிக்கு மாறும்போது செவப்பு திரும்ப ஒரு தடவை முட்டலாம், சேவ் ஆன ஃபைலை தொறந்து இதழை மட்டும் ஜூம் பண்ணி பாத்துடுங்க. ஃபேமிலி க்ரூப்புக்கு அனுப்பறதா இருந்தா வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்டா அனுப்புங்க, இல்லன்னா மூணு மணி நேரம் காப்பாத்தின நரம்பை அது மூணு செகண்ட்ல நசுக்கிடும். பெரியம்மா டாக்குமென்ட் தொறக்க தெரியலன்னு போன் பண்ணுவாங்க, அவங்களுக்கு மட்டும் சாதாரணமா இன்னொண்ணு அனுப்பிடுங்க.